கழுவின பிறகும் நிற்கும் பூச்சு: மெம்பரேனில் அழுக்கு ஒட்டாமல் செய்ய ஒரு முழு வழிகாட்டி

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை. அங்கே பயோகேஸ் தொட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீரை வடிகட்ட அல்ட்ராஃபில்ட்ரேஷன் மெம்பரேன் (மிக நுண்ணிய துளைகள் உள்ள வடிகட்டிச் சவ்வு) போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் அண்ணன் முதல் நாளே என்னிடம் சொன்னார்: "தம்பி, புது மெம்பரேன் எல்லாம் பத்து நாளைக்கு நல்லாத்தான் ஓடும். நாலு தடவ கழுவுனப்புறம் வந்து பாருங்க, அப்பத்தான் சங்கதி தெரியும்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஏற்காடு அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வகத்தில் இரண்டு மாதம் உழைத்துக் கறுப்பாகப் பூச்சு ஏற்றிய துண்டு ஒன்றை அவருடைய குழாய் வரிசையில் மாட்டிவிட்டு வந்தேன். வாரக் கடைசியில் அவர் வழக்கம்போல சிட்ரிக் அமிலம் விட்டுக் கழுவினார். திங்கட்கிழமை போய்த் திறந்து பார்த்தால் மெம்பரேன் வெள்ளை வெளேரென்று இருந்தது. பூச்சு மொத்தமும் சாக்கடையில் போய்விட்டது. அவர் மேல் தப்பு இல்லை. எந்தப் பூச்சு எந்த மருந்தில் கரையும் என்று நான்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

மெம்பரேன் புராஜெக்ட் எடுக்கும் எம்.டெக்., எம்.எஸ்சி. மாணவர்களுக்கும், ஆலையில் சிறிய அளவில் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பூச்சை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். எதை வைத்துக் கழுவப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

அழுக்கு எது என்று பாருங்கள்

குச்சிக் கிழங்கை (மரவள்ளியை)க் கழுவி, தோல் சீவி, அரைத்து, மாவைத் தெளிய வைத்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் பல வகைச் சரக்கு இருக்கிறது. ஸ்டார்ச் மணிகள் பெரும்பாலும் 5 முதல் 35 மைக்ரான் வரை இருக்கும். அல்ட்ராஃபில்ட்ரேஷன் துளையோ 0.1 மைக்ரானுக்கும் கீழே. அதனால் மணிகள் துளைக்குள் போகாது, மேலே மெத்தை மாதிரி படியும். அந்த மெத்தையைத் தண்ணீரைப் பாய்ச்சியே பெரும்பாலும் கலைத்துவிடலாம். தொல்லை கொடுப்பது கரைந்திருக்கும் புரதமும் பிசின் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளும்தான். அவை துளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அவற்றின் மேல் பாக்டீரியா குடியேறினால் வழவழப்பான ஒரு படலம் வளரும்.

சேலத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. மாக்னசைட் சுரங்கம் இருக்கிற ஊர் இது, போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். கால்சியம், மக்னீசியம் அயனிகள் இரண்டு கார்பாக்சில் தொகுதிகளுக்கு நடுவே பாலம் போட்டு, பிசினை மெம்பரேனோடு கட்டிவிடும். அதனால் ஆய்வகத்தில் பஃபர் (பிஎச்-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) கலக்கவும் அலசவும் காய்ச்சி வடித்த தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோதான் வேண்டும். குழாய்த் தண்ணீரில் செய்த சோதனையை மறுமாதம் திரும்பச் செய்தால் அதே விடை வராது.

பூச்சு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. முன்வடிகட்டல் மோசமாக இருந்தாலும், உப்புப் படிந்து அடைத்தாலும் மேற்பரப்பை மாற்றிப் பயனில்லை. துணி வடிகட்டி, பிறகு 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ், அதற்குப் பிறகுதான் மெம்பரேன்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு. மரவள்ளியில் லினமாரின் இருப்பதால் கழிவுநீரில் சயனைடு வரும். பச்சைக் கழிவுநீரை மூடிய அறையில் அமிலம் விட்டுப் புளிக்கச் செய்யாதீர்கள். காற்றோட்டமான இடத்தில், ஃப்யூம் ஹூட் இருந்தால் அதற்குள், வேலை செய்யுங்கள்.

கழுவும் மருந்து, அதற்கேற்ற பூச்சு

ஆலைகளில் பொதுவாகப் புழங்குவது மூன்று: காஸ்டிக் சோடா, சிட்ரிக் அமிலம், பிளீச் என்கிற சோடியம் ஹைப்போகுளோரைட். அமிலத்தையும் பிளீச்சையும் ஒரே தொட்டியில் கலந்தால் குளோரின் வாயு வரும். ஒன்றை விட்டு முழுக்க அலசிய பிறகே அடுத்ததை விடுங்கள்.

கீழே செய்முறை சொல்லும் பூச்சுகள் இரண்டு. பாலிடோபமைன் பூச்சு அமிலத்தைத் தாங்கும், மிதமான காரத்தையும் தாங்கும். பிஎச் 13-ஐ நெருங்கும் காரத்தில் கழன்றுவிடும், பிளீச்சில் சிதையும். டானிக் அமிலம்–இரும்புப் பூச்சு நடுநிலையிலும் இலேசான காரத்திலும் நிற்கும். பிஎச் 3-க்குக் கீழே போனால் இரும்பு கையை விட்டுவிடும். சிட்ரிக் அமிலமும் இடிடிஏ-வும் இரும்பைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். என் துண்டு வெள்ளையானதற்கு இதுவே காரணம்.

உங்கள் ஆலையில் வாராவாரம் பிளீச்தான் என்றால் இரண்டுமே வேண்டாம். மெம்பரேன் வார்க்கும்போதே நீர்விரும்பி பாலிமரைக் கலப்பதோ, யு.வி. ஒளியால் ஒட்டவைப்பதோதான் வழி. மெம்பரேன் செய்யும் பிளாஸ்டிக்கான பாலிஈதர்சல்ஃபோன் ஒளியை உறிஞ்சித் தானே கிளர்வுறும் என்பதால் தனியாகத் தூண்டி தேவையில்லை. ஆனால் 254 நானோமீட்டர் விளக்கில் துளைகள் கெட்டுப்போகும், 300-ஐ ஒட்டிய விளக்கு மேல். அது தனிப் பாடம், இங்கே விரிக்கவில்லை.

மெம்பரேனைத் தயார் செய்வது

தொடங்குகிறவர்களுக்கு 30 கிலோடால்டன் (ஏறத்தாழ அந்த எடைக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைத் தடுக்கும்) பாலிஈதர்சல்ஃபோன் தட்டை மெம்பரேன் நல்லது. பிஎச் 1 முதல் 13 வரை தாங்கும், ஆல்கஹாலுக்கும் அசையாது. செல்லுலோஸ் அசிடேட் கையில் இருந்தால் கீழே சொல்லும் பிஎச் 8.5 கரைசலில் போட்டு வைக்காதீர்கள், நீராற்பகுப்பு ஆகிவிடும். (சிட்னி லோப்புடன் சேர்ந்து கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சீனிவாச சௌரிராஜன் 1960-ஐ ஒட்டி உருவாக்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் பயனுள்ள மெம்பரேன் செல்லுலோஸ் அசிடேட்டில் ஆனது. இந்தத் துறைக்கு வருகிற எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.)

புது மெம்பரேன் காயாமல் இருக்கக் கிளிசரின் தடவி அனுப்புவார்கள். பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு மணி நேரத்தில் மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். பிறகு பாதிக்குப் பாதி ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரில் 20 நிமிடம், மறுபடி சுத்தத் தண்ணீரில் அலசல். கிளிசரின் போன பிறகு ஒரு நிமிடம்கூடக் காயவிடக் கூடாது. துளைகள் சுருங்கிப்போகும், அந்தத் துண்டை எறிய வேண்டியதுதான்.

பூச்சு ஏற்றுமுன் ஒவ்வொரு துண்டின் சுத்தநீர் ஃப்ளக்ஸையும் (ஒரு ச.மீ. பரப்பில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தண்ணீரின் அளவு) அளந்து குறித்துவிடுங்கள். ஒரே தாளிலிருந்து வெட்டிய துண்டுகளே ஒன்றுக்கொன்று மாறும். இந்த எண் இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

முதல் வழி: பாலிடோபமைன்

கடல் மட்டி பாறையை ஈரத்திலேயே பிடித்துக்கொள்வதற்கு அதன் புரதத்தில் இருக்கும் டோபா என்ற மூலக்கூறு முக்கியக் காரணம். அதைப் பார்த்து, டோபமைனை இலேசான காரத்தில் விட்டாலே எந்தப் பரப்பிலும் மெல்லிய படலமாக ஒட்டும் என்று 2007-இல் காட்டினார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 1.21 கிராம் டிரிஸ் போட்டால் 10 மில்லிமோலார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டு சொட்டாக விட்டு பிஎச்-ஐ 8.5-க்குக் கொண்டுவாருங்கள். சேலத்துச் சித்திரை வெயிலை இந்த இடத்தில் மறக்காதீர்கள். டிரிஸ் பஃபரின் பிஎச் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.03 இறங்கும். ஏ.சி. அறையில் 25 டிகிரியில் 8.5 வைத்துவிட்டு, 35 டிகிரி இருக்கும் ஹாலில் பூச்சு ஏற்றினால் நிஜத்தில் அது 8.2. எந்த வெப்பநிலையில் பூசப் போகிறீர்களோ அதே வெப்பநிலையில் பிஎச் பாருங்கள்.

மெம்பரேனை இரண்டு சட்டங்களுக்கு நடுவே ரப்பர் கேஸ்கெட் வைத்து இறுக்குங்கள். மேல்பக்கம் மட்டும் கரைசல் படவேண்டும். முழுக்க முக்கினால் பின்பக்கத்து நெய்யாத துணி வரை கறுத்து, டோபமைன் வீணாகும். 50 மி.லி. பஃபரில் 100 மி.கி. டோபமைன் ஹைட்ரோகுளோரைடு கரைத்து உடனே ஊற்றுங்கள். மூடாதீர்கள். வினை நடக்க ஆக்சிஜன் வேண்டும். நிமிடத்துக்கு 60 சுற்று வேகத்தில் ஷேக்கரில் ஆட்டுங்கள்.

நிறத்தைக் கவனியுங்கள். தெளிந்த தண்ணீர் சில நிமிடங்களில் இளஞ்சிவப்பாகும், பிறகு டீத்தண்ணீர், பிறகு டிகாக்‌ஷன். அல்ட்ராஃபில்ட்ரேஷனுக்கு ஒரு மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் படலம் சில பத்து நானோமீட்டர் தடித்துத் துளைகளைக் குறுக்கிவிடும், ஃப்ளக்ஸ் பாதிக்குமேல் விழலாம். தட்டைக் கிடையாக வைத்தால் கரைசலில் உருவாகும் கறுப்புத் துகள்கள் மேலே படியும். கையால் தொட்டால் மை ஒட்டும் பூச்சு அந்தத் துகள்கள்தான், படலம் அல்ல. ஓடும் தண்ணீரில் 10 நிமிடம் அலசி, ஆல்கஹாலில் ஒருமுறை முக்கி எடுத்தால் அவை போய்விடும்.

இதோடு வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புரதம் ஒட்டாத பரப்புக்கு ஹார்வர்டு வேதியியலாளர் ஒயிட்சைட்ஸின் குழு 2001-இல் சொன்ன இயல்புகள் நான்கு: நீரை விரும்ப வேண்டும், ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்க வேண்டும், அதைக் கொடுக்கக் கூடாது, மொத்த மின்னூட்டம் சுழியாக இருக்க வேண்டும். பாலிடோபமைனில் ஹைட்ரஜனைக் கொடுக்கும் தொகுதிகள் நிறைய. புரதத்தின் அமைன் தொகுதியோடு அதுவே வினைபுரிந்து பிடித்துக்கொள்ளவும் செய்யும். சுவருக்கு அடிக்கும் பிரைமர் மாதிரி அது. மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும்.

மேல்பூச்சுக்கு, ஒரு முனையில் அமைன் உள்ள பாலிஎதிலீன் கிளைக்கால், மூலக்கூறு எடை 5,000. பஃபரில் ஒரு மி.லி.க்கு 1 மி.கி. கரைத்து, 60 டிகிரியில் ஒரு மணி நேரம். மெம்பரேன் இன்னும் ஈரமாக, பூச்சு புதிதாக இருக்கும்போதே செய்யுங்கள். நாள் கடந்தால் வினைபுரியும் இடங்கள் குறைந்துவிடும். இது விலை அதிகம். கையில் காசு குறைவென்றால் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை முயலலாம். அதன் தயோல் முனை பாலிடோபமைனைப் பிடித்துக்கொள்ள, நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாக உள்ள முனை வெளியே நிற்கும்.

இரண்டாம் வழி: டானிக் அமிலமும் இரும்பும்

இது எனக்குப் பிடித்த வழி. பிள்ளைக்கு உரைமருந்து உரைத்த பாட்டிக்கு மாசிக்காய் தெரியும். டானிக் அமிலம் எடுப்பது அதிலிருந்துதான். கடுக்காயிலும் இதே குடும்பத்து டானின் உண்டு. கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டால் கருநீலமாகும் இல்லையா, அந்த நிறமே நமக்கு வேண்டிய பூச்சு. செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடுக்காயை ஊறவைத்து மாணவர்களுக்கு முதலில் இதைக் காட்டுவேன். ஆனால் சோதனைக்கு ஆய்வகத் தர டானிக் அமிலம்தான். கடுக்காய்ச் சாற்றில் சர்க்கரையும் வேறு பலவும் கலந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது.

அளவு: இறுதியில் 100 மி.லி. கரைசலில் 40 மி.கி. டானிக் அமிலம், 10 மி.கி. ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட். டானிக் அமிலத்தை 80 மி.லி. தண்ணீரில் கரைத்துச் சட்டத்தில் ஊற்றுங்கள். இரும்பை 10 மி.லி.யில் கரைத்துச் சேர்த்து உடனே கலக்குங்கள், கருநீலமாகும். ஒரு நிமிடம் கழித்து, செறிவான டிரிஸ் பஃபர் 10 மி.லி. விட்டு பிஎச்-ஐ 8-க்கு உயர்த்துங்கள். நீலம் செந்நீலமாக மாறும். அமிலத்தில் ஓர் இரும்பு அயனி ஒன்றிரண்டு கை மட்டும் பிடிக்கும், காரத்தில் மூன்று கை பிடிக்கும். நிறம் மாறுவது அந்த மூன்றாவது கை சேர்ந்ததற்கு அடையாளம். கரைசலை ஊற்றிவிட்டு அலசுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 நானோமீட்டர். எனக்கு இரண்டு சுற்று போதுமானதாக இருக்கிறது.

வணிக மெம்பரேன்கள் பலவற்றில் பிவிபி என்ற பாலிமர் கலந்திருக்கும். டானிக் அமிலம் அதோடு நன்றாகப் பிணையும். பூச்சு இவ்வளவு சுலபமாகப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூச்சு ஏறியதா?

நிறம் போதாது. 2 மைக்ரோலிட்டர் தண்ணீர்ச் சொட்டு வைத்துத் தொடுகோணம் (சொட்டின் ஓரம் பரப்போடு சேரும் கோணம், அது சிறிதானால் பரப்பு நீரை விரும்புகிறது) பாருங்கள். சொட்டு துளைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் வைத்த கணத்துப் படத்தை மட்டும் எடுங்கள். அகச்சிவப்பு நிறமாலையை நம்பி ஏமாறாதீர்கள். அது ஒரு மைக்ரான் ஆழம் வரை பார்க்கும், நம் பூச்சோ நானோமீட்டர்களில் இருக்கிறது. எக்ஸ்பிஎஸ் (மேற்பரப்பில் உள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) பார்க்க வசதி கிடைத்தால் நைட்ரஜனைத் தேடுவது மாணவர்கள் வழக்கம். பிவிபி-யிலும் நைட்ரஜன் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். சல்ஃபோனின் கந்தகக் குறி எவ்வளவு மங்கியது என்று பாருங்கள். மெம்பரேன் மூடப்பட்டிருக்கிறதா என்பதை அதுவே நேர்மையாகச் சொல்லும்.

சோதனை, அதில் நான் விழுந்த குழி

கலக்கி பொருத்திய 50 மி.லி. செல் (சோதனைக் கலம்), நைட்ரஜன் சிலிண்டர், தராசு இருந்தால் போதும். முதலில் 1.5 பார் அழுத்தத்தில் அரை மணி நேரம் தண்ணீர் ஓட்டி மெம்பரேனைப் படிய வையுங்கள். பிறகு 1 பாரில் அளவு. செல்லின் பரப்பு 13.4 ச.செ.மீ. என்று வைப்போம். 3 நிமிடத்தில் 10 மி.லி. வந்தால், 0.010 லிட்டரை 0.00134 ச.மீ., 0.05 மணி இரண்டாலும் வகுத்தால் மணிக்கு ச.மீ.க்கு 149 லிட்டர். தண்ணீர் 35 டிகிரியில் இருந்தால் அதன் பிசுக்குமை 0.719, 25 டிகிரியில் 0.890. விகிதத்தால் பெருக்கினால் 120. மதியம் எடுத்த எண்ணையும் விடிகாலை எடுத்த எண்ணையும் திருத்தாமல் ஒப்பிட்டால் வெயிலையே பூச்சின் சாதனை என்று எழுதிவிடுவீர்கள்.

பிறகு அழுக்கு நீருக்குப் பதிலாக மாட்டு சீரம் அல்புமின் (மாட்டு இரத்தப் புரதம்) கரைசல், லிட்டருக்கு 1 கிராம், பிஎச் 7.4. அதில் தேறினால் பயோகேஸ் தொட்டியின் வெளிநீர். அலசிய பின் மறுபடி சுத்தநீர். எடுத்துக்காட்டாக ஆரம்ப ஃப்ளக்ஸ் 120, அழுக்கு நீரில் 50, அலசிய பின் 90 என்றால் மீட்சி 75 சதவீதம். இழந்த 58 சதவீதத்தில் 33 சதவீதம் அலசலில் திரும்பி வந்தது, 25 சதவீதம் வரவில்லை. அந்த 25-ஐக் குறைப்பதுதான் பூச்சின் வேலை.

இனி அந்தக் குழி. பூச்சு போட்ட மெம்பரேனின் ஃப்ளக்ஸ் எப்போதும் கொஞ்சம் குறைவு. இரண்டையும் ஒரே அழுத்தத்தில் ஓட்டினால், பூசாதது வேகமாகத் தண்ணீரை இழுக்கும், அழுக்கையும் வேகமாக இழுத்து அடைபடும். பூசியது மெதுவாக ஓடி நல்ல பெயர் வாங்கும். நானும் ஒரு வருடம் இப்படித்தான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஒப்பிடும்போது ஆரம்ப ஃப்ளக்ஸைச் சமமாக்குங்கள். பூசாதது 1 பாரில் 150, பூசியது 100 என்றால், முதலாவதை 0.4 பாரிலும் இரண்டாவதை 0.6 பாரிலும் ஓட்டுங்கள், இரண்டும் 60. அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் அது பூச்சின் வித்தியாசம். எனக்குத் தெரிந்த வித்தியாசம் முன்பு நினைத்ததைவிடச் சிறியது, ஆனால் உண்மையானது.

பாக்டீரியா விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பாலிடோபமைன், பாலிஎதிலீன் கிளைக்கால் பூசிய மெம்பரேன்களில் சில மணி நேரச் சோதனையில் பாக்டீரியா குறைவாக ஒட்டியது, நாட்கணக்கில் ஓட்டியபோது பூசாததற்கும் பூசியதற்கும் வித்தியாசம் இல்லாமல் போனது என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு மணி நேர வரைபடத்தை வைத்துக்கொண்டு உயிரிப்படலத்தைத் தடுத்துவிட்டேன் என்று எழுதாதீர்கள்.

கழுவு, மறுபடி ஓட்டு

ஆபரேட்டர் அண்ணன் சொன்ன நான்கு கழுவல் இங்கே வருகிறது. அழுக்கு நீர், அலசல், உங்கள் ஆலையின் அதே மருந்து அதே செறிவில் அதே நேரம், சுத்தநீர் ஃப்ளக்ஸ். இதை நான்கு சுற்றுச் செய்து, ஒவ்வொரு சுற்றிலும் மீட்சி சதவீதத்தையும் தொடுகோணத்தையும் எழுதுங்கள். தொடுகோணத்துக்குத் துண்டைக் காயவைக்க வேண்டியிருப்பதால், பக்கத்திலேயே தனித்துண்டு ஒன்றை அதே மருந்தில் ஊறவைத்து அதில் அளந்துகொள்ளுங்கள். புராஜெக்ட் அறிக்கையில் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது நான்காவது சுற்றின் எண்ணைத்தான்.

டானிக் அமிலம்–இரும்புப் பூச்சைக் கைவிட நினைத்திருந்த எனக்கு, அந்த வெள்ளையான துண்டே வேறு வழியைக் காட்டியது. சிட்ரிக் அமிலத்தில் கழன்று போகிறதென்றால், வேண்டும்போது கழற்றிவிடலாம். பூச்சோடு சேர்ந்து அதன்மேல் ஒட்டிய அழுக்கும் போகும். இப்போது அந்த ஆலையில் மெம்பரேனைக் குழாயிலிருந்து கழற்றுவதே இல்லை. 2 சதவீத சிட்ரிக் அமிலத்தை அரை மணி நேரம் சுற்றவிடுகிறோம். முதலில் கலங்கலாக வரும் தண்ணீர் மெல்ல வெளிறும். பார்வைக் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் மெம்பரேன் வெள்ளையாக இருக்கும். ஆங்காங்கே சாம்பல் திட்டு தெரிந்தால் இன்னும் கால் மணி நேரம். பிஎச் 7 வரும்வரை அலசி, சுத்தநீர் ஃப்ளக்ஸைக் குறித்துக்கொண்டு, அதே பம்ப் வழியாக டானிக் அமிலத்தை விட்டு, அடுத்து இரும்பையும் பஃபரையும் விடுகிறோம். குழாய்க்குள் துகள் கட்டாமல் இருக்க, டானிக் அமிலத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒருமுறை தண்ணீர் ஓட்டிவிடுங்கள்.